பிரசவத்துக்குப் பின் ஓட்டம்: எனக்குக் கைகொடுத்தவை

பிரசவத்துக்குப் பிறகு நாலடி ஓடினாலே சிறுநீர் கசிந்தது, முழங்காலும் வலித்தது. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று சொன்னவர்களே அதிகம். எனக்கு அதை ஏற்க மனமில்லை.

பி.டி. உஷா என்றால் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு வினாடியில் நழுவிய வெண்கலத்தைத்தான் பேசுவார்கள். என்னை உசுப்பியது வேறு. திருமணமாகி, மகன் பிறந்து, களத்துக்குத் திரும்பி, 1998-இல் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வென்றார். அப்போது வயது 34! அந்த வெண்கலங்களை ஏனோ யாரும் கொண்டாடுவதில்லை.

இயன்முறை மருத்துவர் முதலில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதில், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, ஐந்து வினாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. இறுக்குவதைவிடத் தளர்த்துவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகக் கூடாது என்றும் எச்சரித்தார்.

முழங்காலுக்கு, மல்லாந்து படுத்துக் காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சி. பிட்டத் தசை வலுவானதும் வலி குறைந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மீண்டும் தொடங்கினேன். கசிவு இப்போது இல்லை. தும்மல் வருவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்வது மட்டும் பழக்கமாகவே ஆகிவிட்டது.