மேம்படுத்தலுக்குப் பின் வைஃபை காணாமற்போனால்: கெர்னல், மாட்யூல், ஃபர்ம்வேர் பதிப்புகளைப் பொருத்தும் முறை

லினக்ஸ் மடிக்கணினியில் நேற்றிரவு வரை ஒழுங்காக இயங்கிய வைஃபை, மென்பொருள் தொகுப்புகளை மேம்படுத்தி மறுதொடக்கம் செய்ததும் சுவடே இல்லாமல் மறைந்துவிட்டால், பெரும்பாலோர் முதலில் வைஃபை அட்டை பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அடுத்து, ஏதோ ஒரு தளத்தில் கிடைத்த டிரைவரை இறக்கி நிறுவிப் பார்க்கிறார்கள். முதலாவது அநேகமாகத் தவறு. இரண்டாவது, இருக்கும் சிக்கலின் மேல் இன்னொரு சிக்கலை ஏற்றுகிறது. மேம்படுத்தலை ஒட்டி வந்த கோளாறு என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இப்போது ஓடுகிற கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு), அதற்கான மாட்யூல்களும் (அதனோடு சேர்ந்து இயங்கும் தனித் துணுக்குகள்), அட்டைக்குரிய ஃபர்ம்வேரும் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளா?

இக்கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், கோடும் இடைவெளியும் மாறாமல் தட்ட வேண்டும்.

எண்கள் ஏன் பொருந்த வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைஃபை டிரைவர் என்பது லினக்ஸில் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும் ஒரு மாட்யூல். ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனி மாட்யூல் கோப்புறை உண்டு. கெர்னல் தன் பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புறையில் மட்டுமே தேடும். ஒவ்வொரு மாட்யூலின் உள்ளும் அது எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது (மூலநிரலிலிருந்து உருவாக்கப்பட்டது) என்ற முத்திரை, வெர்மேஜிக் என்ற பெயரில், பதிந்திருக்கும். வேறு பதிப்பின் மாட்யூலைக் கொண்டுவந்து கோப்புறையில் போட்டாலும் முத்திரை ஒத்துப்போகாவிட்டால் கெர்னல் ஏற்காது. ஆகவே "கோப்பு இருக்கிறதே, ஏன் ஓடவில்லை" என்று குழம்புவதற்கு இடமில்லை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் செய்த பிழையையே எடுத்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04 இருந்த மடிக்கணினியில் கெர்னல் 5.15 ஓடிக்கொண்டிருந்தது. 6.5 கெர்னல் வந்துவிட்டது என்ற ஆர்வத்தில், லினக்ஸ்-இமேஜ்-6.5.0-14-ஜெனரிக் என்று எண்ணோடு ஒரே ஒரு தொகுப்பின் பெயரைக் கொடுத்து நிறுவினேன். கணினி ஒழுங்காக எழுந்தது, திரை வந்தது, வைஃபை அடையாளம் இல்லை, ஒலியும் இல்லை. ஒலியும் சேர்ந்து போனதுதான் துப்பு. உபுண்டுவில் ஒரு கெர்னல் என்பது ஒரே தொகுப்பு அல்ல. இமேஜ் தொகுப்பு தன்னோடு லினக்ஸ்-மாட்யூல்ஸ் என்ற அடிப்படைத் தொகுப்பை மட்டும் கட்டாயமாக இழுத்து வரும். வைஃபை டிரைவர்கள், ஒலி டிரைவர்கள் போன்ற மடிக்கணினிக்கு வேண்டியவை பலவும் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற மூன்றாவது தொகுப்பில் இருந்தன. அதை இழுத்து வருவது லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் வகையைச் சேர்ந்த எண்ணில்லாத மேல்தொகுப்பு. நான் மேல்தொகுப்பைத் தாண்டிக்கொண்டு நேரே எண்ணைக் கேட்டதால், மூன்றாவது வரவில்லை. இமேஜ் 6.5; எக்ஸ்ட்ரா இன்னும் 5.15.

இந்த நிலையைக் கண்டறியப் பத்து நிமிடம் போதும். முதலில் யூநேம் -ஆர் என்று தட்டி, இப்போது ஓடும் கெர்னலின் முழு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் வரை குறிக்க வேண்டும், ஏனெனில் 6.5.0-14உம் 6.5.0-15உம் உபுண்டுவுக்கு இரு வேறு கெர்னல்கள். அடுத்து, நிறுவிய தொகுப்புகளைப் பட்டியலிடும் டிபிகேஜி -எல் கட்டளையின் வெளியீட்டில் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா, லினக்ஸ்-ஹெட்டர்ஸ் ஆகிய நான்கு வரிசைகளையும் பார்த்து, அதே எண் நான்கிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வரியின் தொடக்கத்தில் இரண்டு "ஐ" எழுத்துகள் இருந்தால் அந்தத் தொகுப்பு முழுமையாக நிறுவப்பட்டுள்ளது. இரண்டாவது எழுத்து வேறாக இருந்தால் நிறுவல் பாதியில் நிற்கிறது, அல்லது தொகுப்பு நீக்கப்பட்டு அமைப்புக் கோப்புகள் மட்டும் மிஞ்சியுள்ளன என்று பொருள். பிறகு எல்எஸ்பிசிஐ -என்என்கே கட்டளையைக் கொடுத்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பகுதியைத் தேடுங்கள். அட்டையின் பெயர் தெரிகிறது, ஆனால் எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லும் வரி இல்லை என்றால், வன்பொருள் நலமாக இருக்கிறது, மாட்யூல்தான் ஏறவில்லை என்று அநேகமாக உறுதியாகச் சொல்லிவிடலாம். அட்டையின் பெயரே தெரியாவிட்டால் இக்கட்டுரையின் வழி அங்கே உதவாது.

இதற்கு முன்பே, வைஃபை அணைத்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய, ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது. விசைப்பலகையில் விமானப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டு மூன்று மணி நேரம் கெர்னலைத் திட்டியவர்கள் உண்டு.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் சரிசெய்ய வேண்டிய தொகுப்பு இணையத்தில் இருக்கிறது, இணையமோ இல்லை. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து முழு இயங்குதளத்தையும் மறுபடி நிறுவப் போகிறார்கள். வேண்டியதில்லை. பழைய கெர்னலை நீங்கள் நீக்காமல் இருந்தால், கணினி எழும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட்) அழுத்தி, எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழையுங்கள். அதில் உபுண்டுவுக்கான மேம்பட்ட தேர்வுகள் என்ற பொருளில் உள்ள வரிக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான மாட்யூல்கள் எல்லாம் அதன் கோப்புறையில் அப்படியே இருப்பதால் வைஃபை திரும்பிவிடும். அந்த நிலையில் இருந்தபடியே, புதிய எண்ணுக்குரிய மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா தொகுப்பை ஏபிடி (தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவி) மூலம் நிறுவிவிட்டு, புதிய கெர்னலுக்குத் திரும்பலாம். எனக்கு இந்த வழியிலேயே முடிந்தது.

பழைய கெர்னல் இல்லையென்றால், கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைப் பகிர்தல்) இயக்கிப் பாருங்கள். அல்லது லேன் கம்பியைச் செருகுங்கள். அவற்றுக்கும் மாட்யூல் வேண்டும் என்பதால் அவையும் ஓடாமல் போகலாம். அப்போது கடைசி வழி பென் டிரைவ். ஏபிடி-கெட் இன்ஸ்டால் என்பதோடு --பிரிண்ட்-யூஆர்ஐஸ் என்ற தேர்வைச் சேர்த்துத் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், எதையும் இறக்காமல், இறக்க வேண்டிய கோப்புகளின் முழு முகவரிகளை மட்டும் அது அச்சிடும். தொகுப்புப் பட்டியல் ஏற்கெனவே கணினியில் இருப்பதால் இதற்கு இணையம் தேவையில்லை. அந்த முகவரிகளை வேறொரு கணினியில் திறந்து கோப்புகளை இறக்கி, பென் டிரைவில் எடுத்துவந்து, சூடோ டிபிகேஜி -ஐ என்று கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் கொடுத்து நிறுவுங்கள். முன்பு இறக்கிய கோப்பு கணினியிலேயே பதுங்கியிருக்கும் என்று தேடுவோரும் உண்டு. ஏபிடி-கெட் பயன்படுத்தியிருந்தால் இருக்கலாம். ஏபிடி என்ற புதிய கட்டளையோ நிறுவல் முடிந்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும் வழக்கம் உடையது.

நான்கு எண்களும் பொருந்தியிருந்தும் வைஃபை வராவிட்டால், பார்வையை ஃபர்ம்வேர் பக்கம் திருப்ப வேண்டும். ஃபர்ம்வேர் என்பது கெர்னலுக்குள் ஓடுவது அல்ல. டிரைவர் அதை வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்றுகிறது. இன்டெல் அட்டைகளில் இந்தக் கோப்பின் பெயரின் முடிவிலேயே ஒரு பதிப்பு எண் இருக்கும். டிரைவர் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கிவந்து தேடும். தான் ஏற்கும் மிகக் குறைந்த எண் வரை எதுவும் கிடைக்காவிட்டால், பொருத்தமான ஃபர்ம்வேர் இல்லை என்று பதிவு செய்துவிட்டு நின்றுவிடும். அந்தப் பதிவை ஜர்னல்சிடிஎல் -கே -பி கட்டளையில் காணலாம். அதே இடத்தில் ஐடபிள்யூஎல்-டீபக்-யோயோ என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி பல இன்டெல் மடிக்கணினிகளில் வரும். அதைக் கண்டு அந்தக் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். அது பிழைதிருத்தத்துக்கு மட்டும் உரியது, வைஃபை நன்றாக ஓடும் கணினிகளிலும் அந்த வரி வரும்.

ஃபர்ம்வேர் பின்தங்கிப்போவது டெபியனில் இரண்டு வழிகளில் மிகுதியாக நடக்கிறது. ஒன்று, நிலையான பதிப்புக்குப் புதிய தொகுப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை தொகுப்பை நிலையான பதிப்பிலேயே விட்டுவிடுவது. இதற்குத் தீர்வு, ஃபர்ம்வேரையும் அதே பேக்போர்ட்ஸிலிருந்து எடுப்பது. மற்றொன்று, டெபியன் 11இலிருந்து 12க்கு மாறும்போது நேர்வது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12இல் ஃபர்ம்வேர் தொகுப்புகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்கு மாற்றப்பட்டன. களஞ்சியப் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்காமல் மேம்படுத்தியவர்களுக்குக் கெர்னல் 6.1க்குப் போயிற்று, ஃபர்ம்வேர் மட்டும் 11ஆம் பதிப்பிலேயே நின்றது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசமான பகுதி. ஏபிடி ஒரு குறிப்பைக் காட்டினாலும் மேம்படுத்தல் நிற்காமல் போய்விடும்.

அதே டெபியன் 12 மேம்படுத்தலில் இன்னொரு பொறியும் உண்டு. தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த கணினிகளில் வைஃபை இணைந்தும் எந்தத் தளமும் திறக்காது. 1.1.1.1 என்ற எண்ணுக்குப் பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தத் தொகுப்பை நிறுவினால் தீரும்.

பிராட்காம் அட்டைக்கோ ரியல்டெக் அட்டைக்கோ கெர்னலில் இல்லாத டிரைவரைத் தனியாக நிறுவியவர்கள் வேறொரு பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். அவர்களது மாட்யூல் ஆயத்தமாக வருவதில்லை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைக் கணினியிலேயே தொகுத்துத் தருகிறது. அதற்கு அதே எண்ணுள்ள ஹெட்டர்ஸ் தொகுப்பு (மாட்யூலைத் தொகுக்கத் தேவையான கெர்னல் கோப்புகள்) இருக்க வேண்டும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டினால் எந்தெந்தக் கெர்னலுக்கு மாட்யூல் தொகுக்கப்பட்டுள்ளது என்று தெரியும். இப்போது ஓடும் எண் அப்பட்டியலில் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. ஹெட்டர்ஸ் இருந்தும் தொகுக்கும் வேலை தோற்றால், டிகேஎம்எஸ் விட்டுச்சென்ற மேக்.லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து முதல் பிழையைப் படியுங்கள். கடைசிப் பிழை பெரும்பாலும் விளைவுதான், காரணம் அல்ல. உபுண்டு 22.04இல் 6.5 கெர்னல் வந்தபோது இப்படித்தான் பலருக்கு இடறியது. அந்தக் கெர்னல் ஜிசிசி என்ற தொகுப்பானின் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கருவி) 12ஆம் பதிப்பால் தொகுக்கப்பட்டது, 22.04இன் இயல்பான ஜிசிசியோ 11. புதிய தொகுப்பான் மட்டுமே அறிந்த ஒரு தேர்வைப் பழைய தொகுப்பானிடம் கொடுத்ததால், அடையாளம் தெரியாத தேர்வு என்று அது மறுத்துவிட்டது. ஜிசிசி-12ஐ நிறுவி மாட்யூலை மறுபடி தொகுத்தவுடன் வைஃபை வந்தது. தொகுக்கும் வேலை வெற்றி பெற்றும் மாட்யூல் ஏறாமல், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வந்தால், அது பதிப்புச் சிக்கல் அன்று. கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் கையொப்பச் சிக்கல்.

ஆர்ச் லினக்ஸ் பயனர்களுக்கு இரண்டு சொற்கள். அங்கே கெர்னல் மேம்பட்டதும் பழைய மாட்யூல் கோப்புறை நீக்கப்படும். மறுதொடக்கம் செய்யும் வரை, அதுவரை ஏறியிராத எந்த மாட்யூலும் ஏறாது. மறுதொடக்கம் செய்தும் வராவிட்டால், யூநேம் காட்டும் எண்ணையும், ஆர்ச்சின் தொகுப்புக் கருவியான பேக்மேனிடம் பேக்மேன் -கியூ லினக்ஸ் என்று கேட்டால் வரும் எண்ணையும் (புள்ளி, கோடு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல்) ஒப்பிடுங்கள். இரண்டும் வேறானால், மேம்படுத்தும்போது பூட் பகிர்வு இணைக்கப்படாமல் இருந்திருக்கும்: புதிய கெர்னல் வெற்றுக் கோப்புறையில் விழுந்திருக்க, கணினி பகிர்விலுள்ள பழையதை எடுத்து எழுகிறது. பகிர்வை இணைக்க முடிந்தால் இணைத்துவிட்டு, லினக்ஸ் தொகுப்பை மறுபடி நிறுவினால் சரியாகும். அது உங்கள் கணினியின் பேக்மேன் சேமிப்பில் இருந்தால் இதற்கும் இணையம் வேண்டாம்.

இனி இது நேராமல் இருக்க: கெர்னலை எண் சொல்லி நிறுவாமல், லினக்ஸ்-ஜெனரிக் அல்லது உங்கள் பதிப்புக்குரிய எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான கெர்னல் வரிசை) மேல்தொகுப்பின் வழியாகவே நிறுவுங்கள். ஏபிடி-மார்க் ஹோல்ட் கொண்டு ஒரு கெர்னலை நிறுத்திவைக்க விரும்பினால் மேல்தொகுப்புகளையும் சேர்த்தே நிறுத்துங்கள். நான்கில் ஒன்றை மட்டும் கட்டிப்போடுவது, நாம் தவிர்க்க நினைக்கும் முரணை நாமே உண்டாக்குவதாகும். ஆர்ச்சில் பேக்மேன் -எஸ்ஒய் என்று பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒற்றைத் தொகுப்பை நிறுவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மேம்படுத்தல் முடிந்ததும், பழைய கெர்னலை நீக்கிவிடக்கூடிய ஆட்டோரிமூவ் கட்டளையை உடனே தட்டாமல், புதிய கெர்னலில் ஒருமுறை எழுந்து, வைஃபை, ஒலி இரண்டும் ஓடுவதைக் கண்ட பிறகு தட்டுங்கள்.