எம்எல்டி (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) சேர்றவங்க பண்ற தப்புங்க: அட்மிஷன்ல இருந்து ப்ளட் டியூப் வரைக்கும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட எல்லாரும் கேக்கற கேள்வி, "மெடிக்கல் சீட் கிடைக்கல, எம்எல்டி எடுக்கலாமா, லேப்ல மெஷின்தானே எல்லாம் பண்ணுது, ஈசியா இருக்கும்ல?" எடுக்கலாம், தாராளமா எடுக்கலாம், ஆனா மெஷின்தானே பண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டு உள்ள வர்றதுதான் மொத தப்பு. மெஷின் ஒரு நம்பர் குடுக்கும், அவ்ளோதான். அந்த நம்பர் அந்த பேஷண்டோடதுதானா, டாக்டருக்கு அனுப்பலாமா, இல்ல வேற சாம்பிள் கேக்கணுமான்னு யோசிக்க வேண்டியது நீங்க. மூணு வருஷ படிப்பும் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பும் அந்த சந்தேகம் சரியான நேரத்துல வரணும்ங்கறதுக்குத்தான்.

சேரும்போது நடக்கற தப்ப மொதல்ல சொல்லிடறேன். சென்னைல செவுரு, ஆட்டோ பின்னாடி, மின்கம்பம்னு எங்க பாத்தாலும் "லேப் டெக்னீஷியன், ஆறு மாசம், உடனே வேலை"ன்னு நோட்டீஸ் இருக்கும். பணம் கட்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் கேளுங்க, சர்டிஃபிகேட் யார் குடுக்கறாங்க? 2021ல வந்த அலைட் ஹெல்த்கேர் சட்டம் படிச்சுப் பாருங்க, டிப்ளமோவோ டிகிரியோ எதுவா இருந்தாலும் குறைஞ்சது 2000 மணி நேரம், ரெண்டு வருஷமாவது இருக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு, அப்ப ஆறு மாச கோர்ஸ வச்சு என்ன பண்ண முடியும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. கிண்டில இருக்கற தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட அஃபிலியேஷன் இருக்கற காலேஜான்னு அவங்க சைட்லயே பாக்கலாம், "அஃபிலியேஷன் வந்துட்டே இருக்கு"ன்னு ஆபீஸ்ல சொன்னா எழுந்து வந்துடுங்க. கவர்மென்ட் கோட்டா சீட்டுக்கு கீழ்ப்பாக்கத்துல இருக்கற செலக்ஷன் கமிட்டி மூலமா கவுன்சிலிங் நடக்கும், அந்த நோட்டிஃபிகேஷனோட கடைசி தேதிய விட்டுட்டு அப்புறம் லட்சக்கணக்குல டொனேஷன் கட்ற குடும்பங்க வருஷா வருஷம் இருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அடுத்தது பில்டிங்க பாத்து மயங்கறது. ஏசி ஹால், ஸ்மார்ட் போர்டு, கவர் போட்டு மூடி வச்ச அனலைசர் (ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷின்). அந்தக் கவர்ல தூசி இருக்கான்னு பாருங்க, சும்மா சொல்லல. காலேஜோட இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ சாம்பிள் வருது, ஸ்டூடண்ட்ஸ் கையால ப்ளட் எடுக்க விடறாங்களா, ப்ளட் பேங்க் இருக்கா, மைக்ரோபயாலஜில கல்ச்சர் (கிருமிய வளத்துப் பாக்கறது) போடறாங்களா, இதத்தான் கேக்கணும். சென்ட்ரல் எதிர்ல ஜிஎச், அதோட 1835ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், வடசென்னைல ஸ்டான்லி, இங்கெல்லாம் பெயின்ட் உரிஞ்சிருக்கலாம், ஆனா அந்தக் கூட்டத்துல நிக்கறவன் பாக்கற ஸ்மியரும் (ஸ்லைடுல ரத்தத்த மெல்லிசா தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) மலேரியாவும் டிபி ஸ்லைடும் கண்ணாடி பில்டிங்ல உக்காந்திருக்கறவனுக்குக் கிடைக்காது. என்ன கேட்டா கூட்டம் இருக்கற எடம்தான் நல்ல காலேஜ்.

சேந்தப்புறம் பசங்க பண்ற பெரிய தப்பு, மேனுவல் மெத்தட் எல்லாம் பழசு, எக்ஸாமுக்கு மட்டும் போதும்னு விடறது. ஒரு உதாரணம் சொல்றேன். அனலைசர் ப்ளேட்லெட் 40,000ன்னு ரொம்பக் கம்மியா காட்டுது, டெங்கு சீசன் வேற, வீட்ல எல்லாரும் பயந்து பப்பாளி இல தேட ஆரம்பிச்சிருப்பாங்க. ஸ்மியர் போட்டு ஓரத்துல பாத்தா ப்ளேட்லெட் எல்லாம் கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு கெடக்கும், சில பேரோட ரத்தம் ஈடிடிஏவுல (ரத்தம் உறையாம இருக்க டியூப்ல போடற கெமிக்கல்) அப்படி ஒட்டிக்கும், மெஷின் அந்தக் கொத்த ப்ளேட்லெட்டா எண்ணாது. அவருக்கு ப்ளூ டாப், அதாவது நீல மூடி போட்ட, சிட்ரேட்ங்கற வேற கெமிக்கல் இருக்கற டியூப்ல திருப்பி எடுத்து, வர்ற நம்பர 1.1ஆல பெருக்கினா பெரும்பாலும் நார்மல் வந்துடும். ஸ்மியர் பாக்கத் தெரியாதவன் 40,000ன்னு ரிப்போர்ட் போட்டு அனுப்பியிருப்பான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன், டியூப். லேப் தப்புல பெரும்பகுதி மெஷினுக்குள்ள நடக்கறதில்ல, சாம்பிள் மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்துடுது, ஆனா பசங்க இத "ப்ளட் எடுக்கறது நர்ஸ் வேல"ன்னு நெனச்சு தூங்கிடறாங்க. பொட்டாசியம் 8ன்னு ரொம்ப அதிகம், கால்சியம் 5ன்னு ரொம்பக் கம்மி, ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ்ங்கற என்சைமும் ரொம்பக் கம்மி, இப்படி ஒரு ரிசல்ட் வருது, ஆனா பேஷண்ட் வெளில ஜாலியா டீ குடிச்சுட்டு இருக்காரு. நெஜமாவே பொட்டாசியம் 8 இருந்தா அவருக்கு ஈசிஜியே வேற மாதிரி இருக்கணும். என்ன நடந்திருக்கும்னா, யாரோ மொதல்ல பர்ப்பிள் டாப்ல எடுத்துட்டு அப்புறம் யெல்லோ டாப்ல எடுத்திருப்பாங்க, இல்ல யெல்லோல ரத்தம் பத்தலன்னு பர்ப்பிள்ல இருந்து கொஞ்சம் ஊத்தியிருப்பாங்க, இத நெறைய பேரு சாதாரணமா பண்றாங்க. பர்ப்பிள்ல இருக்கறது பொட்டாசியம் ஈடிடிஏ, பொட்டாசியத்த ஏத்தும், கால்சியத்தப் புடிச்சுக்கும். அதனாலதான் ஒரு வரிசை இருக்கு: ப்ளட் கல்ச்சர், ப்ளூ, ரெட் இல்ல யெல்லோ, க்ரீன், பர்ப்பிள், கடைசில க்ரே. எக்ஸாமுக்கு இந்த கலர மனப்பாடம் பண்றவங்க காரணத்தப் படிக்கறதில்ல, அதனால வார்டுல போய் நின்னதும் மறந்துடுது.

பொட்டாசியத்த ஏத்தி விட இன்னும் நெறைய வழி இருக்கு. டோர்னிகே (கைல கட்டற பட்டை) ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வச்சுட்டு வெயின் தேடறது, "கைய மடக்கி மடக்கி விரிங்க"ன்னு சொல்றது (வெயின் நல்லா தெரியும், பொட்டாசியமும் ஏறும்), சின்ன ஊசில சிரிஞ்ச வேகமா இழுத்து செல்ல ஒடைக்கறது. அப்புறம் இந்த ஃப்ரிட்ஜ் விஷயம். சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல சுத்திப் பிரிக்காத ரத்தத்த பத்திரமா இருக்கட்டும்னு ஃப்ரிட்ஜ்ல வைப்பாங்க, குளிர்ல செல்லோட பம்ப் நின்னு உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கசியும், பத்திரமா வச்சதாலயே கெட்டுப் போகும்.

சுகர் இதுக்கு நேர் எதிர். பெரம்பூர்லயோ தாம்பரத்துலயோ கலெக்ஷன் சென்டர்ல காலைல ஏழு மணிக்கு ஃபாஸ்டிங் ப்ளட் எடுக்கறாங்க, பைக்ல பையன் வந்து தூக்கிட்டு மெயின் லேப் போய்ச் சேர பதினோரு மணி, மே மாசம் வேற. சாதா டியூப்ல பிரிக்காம விட்டா ரத்த செல்லுங்க சுகரச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் எறங்கும், வெயில்ல இன்னும் வேகமா. 130 இருந்தவருக்கு 100க்குப் பக்கத்துல ரிப்போர்ட் வரும், சக்கரையே இல்லன்னு ஸ்வீட் வாங்கிட்டுப் போவாரு. க்ரே டாப் ஃப்ளோரைடு அதுக்குத்தான், அதுலயும் மொத ஒரு மணி நேரம் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். ப்ளூ டாப்ல பாதி ரொப்பறதும் இதே ஜாதி, அதுல சிட்ரேட் ஒரு பங்குன்னா ரத்தம் ஒம்போது பங்கு, ரத்தம் கொறஞ்சா பிடி (ரத்தம் உறைய ஆகற நேரம்) நீளும், வால்வ் ஆபரேஷன் ஆனவரோட ஐஎன்ஆர் (அந்த பிடிய வச்சு போடற கணக்கு) பொய்யா ஏறும், டாக்டர் ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரையக் கொறச்சுடுவாரு, அவருக்கு வால்வுல ரத்தக் கட்டி சேந்தா யாரு பொறுப்பு.

பேர் விஷயத்துல நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. "நீங்க லட்சுமியா?"ன்னு கேட்டா காது கேக்காத பாட்டியும் தலையாட்டும். "உங்க பேர் சொல்லுங்கம்மா"ன்னுதான் கேக்கணும். இனிஷியல நம்பாதீங்க, அப்பா இனிஷியலா வீட்டுக்காரர் இனிஷியலான்னு ஒவ்வொரு சீட்டுலயும் மாறும், ஓபி நம்பர், வயசு ரெண்டையும் பாருங்க. லேபிள பேஷண்ட் பக்கத்துல நின்னே, எடுத்து முடிச்ச உடனே ஒட்டுங்க, மொத்தமா முன்னாடியே ஒட்டி ரேக்ல அடுக்கி வைக்கறது வேகமா இருக்கும், மாறவும் வேகமா மாறும்.

க்யூசி, அதாவது குவாலிட்டி கண்ட்ரோல். கண்ட்ரோல் (ரிசல்ட் எவ்ளோ வரணும்னு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) 2 எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சராசரில இருந்து விலகற அளவு) தாண்டிடுச்சுன்னு திருப்பி ஓட்டு, திருப்பி ஓட்டு, உள்ள வந்ததும் "ஓகே"ன்னு எழுது, இப்படித்தான் நெறைய எடத்துல பழக்கம். எல்லாம் சரியா இருந்தாலே 20ல ஒண்ணு 2 எஸ்டிக்கு வெளிய விழத்தான் செய்யும், அதனாலதான் 1981ல வெஸ்ட்கார்ட் ரூல்ஸ் வந்துச்சு, ஒண்ணு 2 எஸ்டி தாண்டினா எச்சரிக்கை, தொடர்ந்து ரெண்டு ஒரே பக்கமா தாண்டினாலோ ஒண்ணு 3 எஸ்டி தாண்டினாலோ நிறுத்திட்டுக் காரணத்தத் தேடு. ரீஏஜெண்ட் (டெஸ்டுக்கு ஊத்தற கெமிக்கல்) காலாவதியா, அதோட லாட் (பேட்ச்) மாறுச்சா, மெஷினோட கேலிப்ரேஷன் (அளவு சரிபாத்து வச்சது) போச்சான்னு தேடற பத்து நிமிஷத்துலதான் அந்த டெஸ்ட் எப்படி வேல செய்யுதுன்னே புரியும்.

உடம்பு விஷயம் சுருக்கமா. போஸ்டிங் போறதுக்கு முன்னாடியே ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாசம்னு மூணும் போட்டு, அப்புறம் ஊசி வேல செஞ்சிருக்கான்னு காட்டற ஆன்டிபாடி டைட்டர் 10க்கு மேல இருக்கான்னு பாத்துடுங்க. ஊசிய திரும்ப மூடாதீங்க. குத்திக்கிட்டா அழுத்திப் பிழியாம சோப்புத் தண்ணில கழுவிட்டு உடனே சொல்லுங்க, திட்டுவாங்கன்னு மறைக்கறதுதான் பசங்க பண்ற ஆபத்தான தப்பு, எச்ஐவிக்கான மருந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் போயிட்டா பிரயோஜனம் இல்ல.

கடைசியா இன்டர்ன்ஷிப். வேல கம்மி, ஸ்டைபண்ட் கொஞ்சம் அதிகம்னு எடத்தத் தேடாதீங்க, வருஷம் முழுக்க கலெக்ஷன்லயே நிக்க வச்சா வாய் தொறந்து கேட்டு மைக்ரோ, ஹிஸ்டோபதாலஜி (திசு டெஸ்ட்), ப்ளட் பேங்க்னு சுத்தி வாங்க. அன்னன்னைக்கு செஞ்ச வேலைய தினமும் லாக்புக்ல எழுதி அன்னைக்கே கையெழுத்து வாங்கிடுங்க, ஏன்னா பின்னாடி கல்ஃப் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணும்போது அவங்க யுனிவர்சிட்டிக்கே எழுதி சரிபாப்பாங்க, இங்க எம்ஆர்பி (கவர்மென்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நோட்டிஃபிகேஷன் வரும்போதும் கேட்டிருக்கற தகுதிய ஒரு வார்த்தை விடாம படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க, டிகிரி இருந்தா எல்லா போஸ்ட்டுக்கும் தானா தகுதின்னு நெனச்சு ஃபீஸ் கட்டிட்டு நிக்காதீங்க.