கோணேசர் கோவிலுக்கு நடக்கும்போது விடக்கூடாத பிழைகள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் பலர் செய்வது ஒன்றுதான். ஆட்டோ பிடித்து நேரே கோணேசர் கோவில் வாசலுக்குப் போகிறார்கள். கும்பிட்டு, மலைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, இரண்டு படம் எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பிவிடுகிறார்கள். முதல் பிழை இதுதான். ஊரின் கதை முழுவதும் அந்த ஆட்டோ பறந்து போகிற வழியில்தான் கிடக்கிறது. முற்றவெளி மைதானத்திலிருந்து பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மலை ஏறிப் போக, ஆறுதலாக நடந்தாலும் அதிக நேரம் பிடிக்காது.

அடுத்த பிழை கோட்டை வாசலில் நிற்காமல் போவது. வளைவுக்குள் கால் வைத்ததும் எல்லோருக்கும் மானைப் பார்க்கிற அவசரம். மான் எங்கேயும் போகாது. வாசற் கல்லைப் பாருங்கள். இரட்டை மீன் செதுக்கியிருக்கும். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து. 'முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' (குளக்கோட்டன் கோவில் திருப்பணி செய்த மன்னன், பறங்கி போர்த்துக்கேயர்) என்று இங்கே சிறுபிள்ளைகளும் சொல்லுவார்கள், ஆனால் கல்லில் முழுதாக வாசிக்க முடியாது. வெயில் சரிவாக விழுகிற காலை நேரத்தில் சில எழுத்துப் பிடிபடும், உச்சியில் எல்லாம் ஒரே வெள்ளைதான். 1620களில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். நீங்கள் பார்க்கப் போகும் பழைய கோவிலின் ஒரு பங்கு உங்கள் தலைக்கு மேலேயும் பக்கச் சுவரிலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

பெயரில் ஏமாறுவதும் உண்டு. பிரெட்ரிக் கோட்டை என்றதும் ஆங்கிலேயர் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் 1795இல் பிடித்தார்கள், 1803இல் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். இப்போது நிற்கும் மதிலும் வாசலும் பெரும்பாலும் போர்த்துக்கேயர் கோட்டையை ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய வேலை. வாசலில் 1675 என்று ஆண்டும் இருக்கிறது.

உள்ளே வெலிங்டன் தங்கிய வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் என்று பேர் பெற்ற ஆர்தர் வெலஸ்லிதான் அவர். 1800ஐ ஒட்டி இங்கே வந்தது உண்மை. 'இங்கே காய்ச்சலில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் தாண்டுபோனது, அதனால் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார்' என்பதைத்தான் அப்படியே விழுங்கக் கூடாது. அவர் நோயில் விழுந்ததும் கப்பலைத் தவறவிட்டதும் பம்பாயில். நல்ல கதைதான், ஊர் மட்டும் மாறிவிட்டது.

கோட்டை இன்னும் இராணுவ முகாம். பாதையில் நடக்கலாம், மானைப் படம் எடுக்கலாம். காவலரணையும் சீருடைக்காரரையும் நோக்கி போனைத் தூக்க வேண்டாம். மானுக்கு பிஸ்கட் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உறையையும் சேர்த்துத் தின்கின்றன அந்தப் புள்ளிமான்கள்.

நேரப் பிழையை நானே விட்டிருக்கிறேன். போன ஆடியில் அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு பதினொன்றரைக்குப் புறப்பட்டேன். கச்சான் காற்று அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வீசியது. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி வைத்ததும் பொடியன், "மாமா, கால் சுடுது!" என்று என் பாதத்தின் மேல் ஏறி நின்றுவிட்டான். அப்படியே அவனைச் சுமந்துகொண்டு நிழல் நிழலாகப் பாய்ந்து போய்ச் சேர்ந்தால், மதியப் பூசை முடிந்து நடை சாத்துகிறார்கள். காலை ஆறரைக்குப் புறப்படுங்கள், இல்லாவிட்டால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. வைகாசி முதல் ஆவணி வரை இது கட்டாயம். கார்த்திகை, மார்கழியில் குடை இல்லாமல் வராதீர்கள்.

மேலே போனால், இப்போதைய கோவிலைப் பழைய கோவில் என்று நினைப்பது ஒரு பொதுவான மயக்கம். சம்பந்தர் பாடிய கோணமாமலை இதுதான், கட்டடம் அதுவல்ல. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. திரும்பக் கட்டிய கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மிச்சத் தூண்கள் கீழே கடலுக்குள். 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் சுழியோடிக் கண்டவை அவை. இராவணன் வெட்டின் விளிம்பில் செல்பி எடுக்கிறவர்களுக்குத் தனியாகப் புத்தி சொல்லத் தேவையில்லை, கீழே பார்த்தாலே போதும்.

திரும்பும்போது முற்றவெளிப் பக்கத்துப் பழைய சேமக்காலையை விட்டுவிடாதீர்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். கடற்படைத் தளபதி. 1852இல் பர்மாவில் கொலராவில் இறந்தவர். ஒல்லாந்தக் குடாப் பக்கமாக நடந்தால் ஒல்லாந்தர் காலத்து மாடிவீடு ஒன்று வரும். இப்போது அது கடற்படை அருங்காட்சியகம். உயரமான கதவும் தடித்த சுவருமாக உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வெயிலில் வாடி வந்தவர்களுக்கு அதுவே பெரிய புண்ணியம்.

வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று ஒஸ்டன்பேர்க் கோட்டையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது கடற்படைத் தளத்துக்குள். முன்கூட்டி அனுமதி இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறையையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் இதே நடையில் முடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. கல்லறை ஆறு கிலோமீற்றர் வடக்கே, கன்னியா எட்டுக் கிலோமீற்றர் இன்னொரு திசையில். கன்னியாவுக்குத் துவாயும் மாற்றுடுப்பும் வேறு வேண்டும். அதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.