இரண்டு ஃபீல்டு சேரும் இடத்தில்தான் வேலிடேஷன் உடைகிறது

வெப் ஃபார்மில் பயனர் நிரப்பும் ஒரு ஃபீல்டைத் தனியாகச் சோதிப்பதில் (அதுதான் வேலிடேஷன்) யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. மின்னஞ்சல் சரியா, பாஸ்வேர்டில் 8 எழுத்தாவது இருக்கிறதா என்பதையெல்லாம் ஸாட், யப், ஜாய் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வேலிடேஷன் லைப்ரரிகள் எதிலும் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒன்று சரியா தவறா என்பது இன்னொன்றைப் பொறுத்திருக்கும்போதுதான் சிக்கல்.

தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு ஃபீல்டு இருக்கின்றன. முடிவு முந்தி வரக்கூடாது. ஸாட்டில் இதற்கு எல்லா ஃபீல்டுகளும் அடங்கிய ஆப்ஜெக்ட் முழுவதற்குமாக ஒரு ரிஃபைன், அதாவது நாமே எழுதும் கூடுதல் விதி, எழுதுவோம். அதில் எரர் எந்த ஃபீல்டுக்கு என்று சொல்லும் பாத் கொடுக்க மறந்தால், எரர் எந்த ஃபீல்டிலும் ஒட்டாமல் ஆப்ஜெக்டின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயனர் சப்மிட் பட்டனை அழுத்துவார். ஃபார்மும் போகாது, பிழைச்செய்தியும் வராது. முடிவுத் தேதியின் பெயரைப் பாத்தாகக் கொடுங்கள்.

கொடுத்த பிறகும் ஒரு வம்பு உண்டு. வேறு ஏதோ ஒரு ஃபீல்டில் எண் வரவேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் வந்திருந்தால், ஆப்ஜெக்டின் ரிஃபைன் ஓடவே ஓடாது. பயனர் அதைத் திருத்தி மறுபடி அனுப்பிய பிறகுதான் தேதி எரர் முளைக்கும். இது பக் அல்ல, ஸாட்டை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இரண்டு தேதிகளையும் உள்ளே ஒரு சிறு ஆப்ஜெக்டாகப் பிரித்து, ரிஃபைனை அதற்கு மட்டும் போட்டால் மற்ற ஃபீல்டுகளின் கோளாறு இதைத் தொடாது.

ரியாக்டில் ஃபார்ம்களைக் கையாளும் லைப்ரரியான ரியாக்ட் ஹுக் ஃபார்ம் பயன்படுத்துபவர்களுக்கு அடுத்தது. முடிவுத் தேதிக்குக் கீழே எரர் நிற்கிறது. பயனர் தொடக்கத் தேதியை மாற்றிச் சரிசெய்கிறார். எரர் அசையாது. ஸ்கீமா (விதிகளின் தொகுப்பு) முழுவதும் ஓடினாலும், மாற்றிய ஃபீல்டின் எரரை மட்டும்தான் ரியாக்ட் ஹுக் ஃபார்ம் புதுப்பிக்கும். தொடக்கத் தேதியை ரெஜிஸ்டர் செய்யும்போதே டெப்ஸ் ஆப்ஷனில் முடிவுத் தேதியைக் குறிப்பிட வேண்டும். பயனருக்கு இதைவிட எரிச்சலூட்டும் தவறு ஃபார்ம்களில் இல்லை என்பேன்.

யப், ஜாய் இரண்டையும் நேரடியாக அழைத்தால் முதல் எரரிலேயே நின்றுவிடும். அபார்ட்எர்லி ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்காவிட்டால், பல ஃபீல்டு தவறாக இருந்தும் ஒன்றுதான் கையில் கிடைக்கும். யப்பில் இரண்டு ஃபீல்டுகள் வென் (இன்னொரு ஃபீல்டின் மதிப்பைப் பொறுத்து விதியை மாற்றும் மெத்தட்) மூலம் ஒன்றையொன்று பார்த்தால் சுழற்சி என்று ஸ்கீமா கட்டும்போதே எரர் வீசும். ஃபீல்டுகளை வரையறுக்கும் ஷேப் மெத்தடின் இரண்டாவது ஆர்க்யுமென்டில் அந்த ஜோடியைக் கொடுத்தால் போதும்.

காலி இன்புட் தருவது அன்டிஃபைண்டு (மதிப்பே இல்லாதது) அல்ல, வெற்று ஸ்ட்ரிங். ஆகவே ஸாட்டில் ஆப்ஷனல் என்று போட்ட மின்னஞ்சலும் காலியாக விட்டால் எரர் தரும். எண்ணுக்கு, வந்த மதிப்பைத் தானே எண்ணாக மாற்றும் கோயர்ஸ் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வெற்று ஸ்ட்ரிங் 0 ஆகிவிடும். வயதை நிரப்பாதவர் 0 வயதுக்காரராக டேட்டாபேஸுக்குள் சத்தமில்லாமல் போய்விடுவார்.

ஒரே ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் பேட்டர்ன்) பல ஃபீல்டுகளுக்குப் பகிர்ந்து, அதன் டெஸ்ட் மெத்தடை நீங்களே அழைக்கும்போது, அதில் எல்லாப் பொருத்தங்களையும் தேடச் சொல்லும் ஜி ஃப்ளாக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் டெஸ்ட் மெத்தட் கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைத்து, அடுத்த ஸ்ட்ரிங்கை அங்கிருந்தே தேடும். முதல் ஃபீல்டு தேறும், அதே மதிப்புள்ள இரண்டாவது தோற்கும், மூன்றாவது மறுபடி தேறும். ஃப்ளாக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.