ஐந்து சென் ரவுண்டிங்: ஒரு துணுக்கும் அதற்கான கிட் (Git) பழக்கங்களும்

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடைக்கோ பினாங்கு நாசி கண்டார் கடைக்கோ பில் போடும் செயலி எழுதுகிறீர்களா? பணத்தை டபுளில் (தசம எண்களைத் தோராயமாகவே சேமிக்கும் எண் வகை) வைக்காதீர்கள். 19.99 ரிங்கிட்டைச் சென்னாக்க 100-ஆல் பெருக்கினால் டபுள் தருவது 1998.9999999999998. அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. ஒரு சென் காணாமல் போய்விடும். தொகைகளைச் சென்னில், முழு எண்ணாகவே வைத்திருந்து, திரையில் காட்டும்போது மட்டும் ரிங்கிட்டாக மாற்றுங்கள்.

2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தம் அருகிலுள்ள 5 சென்னுக்கு ரவுண்ட் ஆகிறது. அதற்கு ஒரே வரி போதும்:

ரொக்கம் = (மொத்தம் + 2) / 5 * 5

வகுத்தல், மீதியை விட்டுவிடும் முழு எண் வகுத்தலாக இருப்பது முக்கியம். கோட்லின், ஸ்விஃப்ட் நிரல் மொழிகளில் இன்ட் (முழு எண் வகை) என்றால் தானாகவே அப்படித்தான் நடக்கும். டார்ட்டில் வெறும் சாய்கோடு தசமம் தரும், அங்கே ~/ போடுங்கள். டெஸ்ட்டில் இவை கட்டாயம் இருக்கட்டும்: 1232 கொடுத்தால் 1230, 1233-க்கு 1235, 1237-க்கும் 1235, 1238-க்கு 1240.

பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் பில் தப்பாகும். மொத்தத்துக்கு ஒரே தடவைதான். கார்டு, இ-வாலட் என்றால் ரவுண்டிங்கே வேண்டாம். பணம் திருப்பித் தரும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: மைனஸ் எண்ணை அப்படியே அனுப்பினால் -3 என்பது -5 ஆகாமல் 0 ஆகிவிடும். ப்ளஸாகக் கணக்கிட்டு, கடைசியில் குறியை மாற்றுங்கள்.

இனி கிட், அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி. இந்தத் துணுக்கையும் அதன் டெஸ்ட்டையும் தனி கமிட்டாக (ஒரு மாற்றப் பதிவாக) போடுங்கள். பட்டன் நிறம் மாற்றியதையும் அதே கமிட்டில் சேர்த்துவிட்டால், வெளியீட்டுக் கிளைக்குச் செரி-பிக் செய்யும்போது (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்க்கும்போது) அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். பிழை எப்போது நுழைந்தது என்று தேட, கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் பைசெக்ட் போதும். 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிடித்துவிடலாம், ஒவ்வொரு கமிட்டும் பில்ட் ஆனால்.

கடைசியாக, கீஸ்டோர், அதாவது ஆண்ட்ராய்டு செயலியில் கையொப்பமிடும் சாவி உள்ள கோப்பு. அது ரெப்போவுக்குள் (கிட் கவனிக்கும் நிரல் களஞ்சியம்) வரவே கூடாது. ஏற்கெனவே கமிட் ஆன கோப்பைப் பிறகு இக்னோர் பட்டியலில் எழுதிப் பயனில்லை, கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும். கோப்பை அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். கடவுச்சொல்லோடு சர்வருக்குப் புஷ் ஆகிவிட்டால் கசிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். பிளே ஆப் சைனிங்கில் (செயலியின் இறுதிச் சாவியை கூகுளே வைத்திருக்கும் ஏற்பாடு) இருந்தால், பிளே கன்சோலில் அப்லோட் கீயை (செயலியைப் பதிவேற்ற நீங்கள் பயன்படுத்தும் சாவி) மாற்ற அன்றைக்கே விண்ணப்பியுங்கள்.