குழந்தையுடன் மாதிரி ரயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ரயில் வாங்கும் அப்பாக்கள் பலர் அதைத் தங்களுக்காகவே வாங்கிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். தண்டவாளத்தைப் பூட்டி, ரயிலை ஓடவிட்டு, "தொடாதே, தள்ளி நின்று பார்" என்று ஐந்து வயதுப் பிள்ளையை ஓரமாக உட்கார வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பிள்ளை எழுந்து போய்விடுகிறது. அப்புறம், அதற்கு ஆர்வமே இல்லை என்ற குறை வேறு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். தண்டவாளம் துடைப்பதும் வயர் பார்ப்பதும் பெரியவர்களின் வேலை.

அடுத்து, அளவு. வீடு சிறியது என்று 'என்' (N) எனப்படும் சின்ன அளவை வாங்கத் தோன்றும். அது 1:160, அதாவது அசல் ரயிலில் 160-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி வெறும் 9 மி.மீ. சின்ன விரல்களால் அதன் சக்கரங்களைத் தடத்தில் ஏற்ற முடியாது. 'எச்.ஓ.' (HO) அளவு 1:87, இடைவெளி 16.5 மி.மீ. பெரியவர் கூட இருந்தால், ஐந்தாறு வயதில் இதைத் தொடங்கலாம். மூன்று வயதுக்குள் இரண்டுமே வேண்டாம். பெரிய துண்டுகளால் ஆன மரத் தண்டவாளம் போதும். கழன்று வரும் காந்தமோ பட்டன் பேட்டரியோ உள்ள மலிவுப் பொம்மைகளை வீட்டுக்குள் விடவே கூடாது. விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கன்னியாகுமரி நிலையத்தில் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸைப் பார்த்த பிள்ளை, அத்தனை பெட்டியும் வேண்டும் என்று கேட்கும். வாங்கிக் கொடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். 23.5 மீட்டர் நீளமுள்ள எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி, எச்.ஓ. அளவில் 27 செ.மீ. இருபது பெட்டி சேர்த்தால் 5.4 மீட்டர். எட்டுக்கு நாலடி பிளைவுட்டில் போடும் நீள்வட்டப் பாதையின் மொத்தச் சுற்றே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்தான். இன்ஜின் தன் கடைசிப் பெட்டியிலேயே போய் முட்டும். போதாக்குறைக்கு, நீளப் பெட்டிகள் இறுக்கமான வளைவில் தடம் புரளும். குட்டையான பெட்டிகள் மூன்று நான்கு இருந்தால் பிள்ளைக்கு நிறைவாக விளையாடலாம்.

நாகர்கோவில் சந்திப்பை அப்படியே வீட்டில் அமைக்கும் ஆசை எனக்குப் பிடித்தமானது. திருநெல்வேலிப் பாதையும் திருவனந்தபுரம் பாதையும் அங்கே ஒரே பக்கத்திலிருந்து நுழைகின்றன. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ரயில் சந்திப்புக்கு வந்தால், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். சந்திப்பைத் தொடாமல் நாகர்கோவில் டவுன் நிலையம் வழியாகப் போகும் ரயிலுக்கு அந்த வேலை இல்லை; அந்த இணைப்புப் பாதையும் சேர்ந்து ஒரு முக்கோணமாகிறது. இந்த முக்கோணத்தை இரண்டு தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் மாதிரியில் அப்படியே போட்டால் ஷார்ட் ஆகும். சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் இன்ஜினைக் கழற்றி மாட்டும் விளையாட்டுக்கு முக்கோணம் தேவையே இல்லை. நிலையப் பாதைக்கு இணையாக, இரு முனையிலும் தடம் மாற்றும் பாயின்ட் வைத்து ஒரு பக்கப் பாதை போட்டால் போதும். பிள்ளைகள் நெடுநேரம் அலுக்காமல் ஆடுவது இந்த ஷன்டிங்கைத்தான். வெறும் வட்டத்தோடு நிறுத்துபவர்கள் இந்த இன்பத்தைப் பிள்ளைக்குக் காட்டுவதே இல்லை.

நம் குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு: ஜல்லிக்குப் பதிலாகக் கடற்கரை மணலைத் தூவுவது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. ஆலையில் அதைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். இன்ஜின் மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு. மணல் துகள் ஏறிப் பல்சக்கரத்தில் சிக்கினால் இன்ஜின் கரகரவென்று அரைத்து நின்றுவிடும். மரச்செடிக்குத் தும்பு, முப்பந்தல் காற்றாலைக்கு ஈர்க்கில் என்று வீட்டில் கிடைப்பதைப் பிள்ளையோடு சேர்ந்து வெட்டி ஒட்டுங்கள். மணலை மட்டும் விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் தண்டவாளம் சீக்கிரம் மங்கும், ரயில் விட்டுவிட்டு ஓடும். உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் அழுக்கு கறுப்பாக வந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, வேகத்துக்காகத் திட்டாதீர்கள். எந்தப் பிள்ளையும் முதலில் கன்ட்ரோலர் குமிழை முழுதாகத் திருப்பும், வளைவில் ரயில் கவிழும். "எவ்வளவு விலை தெரியுமா" என்று ஒருமுறை கத்திவிட்டால், பிறகு பயந்து பயந்துதான் தொடும். குமிழுக்குப் பக்கத்தில் பச்சை டேப் ஒட்டி, அதைத் தாண்டாமல் ஓட்டச் சொல்லுங்கள். கவிழ்ந்தால் மீட்பு ரயில் அனுப்பட்டும். பெட்டியைத் தூக்கி வைக்கும்போது முன்சக்கரம் தடத்தில் ஏறியிருக்கும், பின்சக்கரம் ஒரு மயிரிழை வெளியே நிற்கும். பிள்ளை தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்து, ஒரு விரலால் மெல்லத் தள்ளும். 'டிக்' என்று உட்காரும். அதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் குறுக்கே கையை நீட்டாமல் இருங்கள்.