பாண்டாக்கில் தமிழ் பிடிஎஃப்: சத்தமில்லாமல் கெடும் இடங்கள்

எளிய குறிகளோடு வெறும் உரையாக எழுதும் மார்க்டவுன் வடிவில் எழுதி, முனையத்தில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து பிடிஎஃப் எடுக்கப் பலரும் பயன்படுத்தும் கருவி பாண்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் ஹாஸ்கெல் நிரல்மொழியில் எழுதி 2006-இல் வெளியிட்டது. ஆங்கிலக் கோப்பென்றால் முதல் முயற்சியிலேயே உருப்படியாக வந்துவிடும். தமிழ்க் கோப்பைக் கொடுத்தால்தான் அதன் குணம் தெரியும். பிழை காட்டி நின்றுவிட்டால் கவலையில்லை, தேடிச் சரிசெய்துவிடலாம். ஒரு குறையும் சொல்லாமல் பிடிஎஃப்பைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே பாதிப் பத்தியைத் தின்றிருக்கும் பாருங்கள், அங்கேதான் தொல்லை. கீழே வருபவற்றில் பெரும்பாலானவை அந்த ரகம். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

யார் செய்த தவறு என்று தெரியாமல் தேடுவது

பாண்டாக் தானே பக்கம் கோப்பதில்லை. மார்க்டவுனைப் படித்து, பக்கம் கோக்கும் மொழியான லேடெக்கில் ஒரு கோப்பாக மாற்றும். அதை லேடெக் எஞ்சினிடம் கொடுக்கும். எஞ்சின் பிடிஎஃப் செய்யும். எஞ்சின் 'வரி 214-இல் பிழை' என்று சொன்னால், அது இடையில் உருவான லேடெக் கோப்பின் 214-ஆவது வரி. உங்கள் மார்க்டவுன் கோப்பில் அந்த வரியைத் தேடிப் பயனில்லை. வெளியீட்டுக் கோப்பின் பின்னொட்டை பிடிஎஃப்புக்குப் பதில் 'டெக்ஸ்' என்று மாற்றி, '--ஸ்டாண்ட்அலோன்' சேர்த்து ஓட்டுங்கள். இடைக்கோப்பு கைக்கு வரும். அதில் உரை சரியாக இருந்தால் கோளாறு எஞ்சினிலோ எழுத்துருவிலோ. அதிலேயே தவறாக இருந்தால் உங்கள் மார்க்டவுனில். இந்த ஒரு பழக்கம் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஞ்சினைச் சொல்லாமல் விடுவது

நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் பாண்டாக் பிடிஎஃப்லேடெக் என்ற எஞ்சினைத்தான் கூப்பிடும். அது யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பிள்ளை. முதல் தமிழ் எழுத்தைக் கண்டதுமே 'இந்த யூனிகோடு எழுத்தை லேடெக்குக்கு அமைக்கவில்லை' என்று நின்றுவிடும். '--பிடிஎஃப்-எஞ்சின்=ஸீலேடெக்' என்று கொடுத்து, யூனிகோடு படிக்கும் ஸீலேடெக் எஞ்சினுக்கு மாறினால் தீர்ந்தது. டெபியன், உபுண்டு லினக்ஸ் கணினிகளில் ஸீலேடெக் தனித் தொகுப்பாக இருக்கிறது. 'டெக்ஸ்லைவ்-ஸீடெக்' என்பதை நிறுவியாக வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில் '--லேடெக்-எஞ்சின்' என்று பார்த்திருப்பீர்கள். 2017-இல் வந்த 2.0 பதிப்பிலேயே அதன் பெயர் மாறிவிட்டது. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டுக் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

எழுத்துருவைச் சொல்லாமல் விடுவது

எஞ்சினை மாற்றிய பிறகு பிழை வராது. பிடிஎஃப்பும் வரும். திறந்தால் எண்களும் ஆங்கிலச் சொற்களும் மட்டும் இருக்கும். தமிழ் இருந்த இடமெல்லாம் வெற்றிடம் அல்லது கட்டம். காரணம், இயல்பு எழுத்துருவான லத்தீன் மாடர்னில் தமிழே கிடையாது. முனையத்தில் 'எழுத்து இல்லை' என்ற எச்சரிக்கைகள் வரிசையாக ஓடியிருக்கும். பிடிஎஃப் வந்த மகிழ்ச்சியில் அதை யாரும் படிப்பதில்லை. '--ஃபெயில்-இஃப்-வார்னிங்ஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால், எச்சரிக்கை வந்தாலே பாண்டாக் அந்த ஓட்டத்தைத் தோல்வியாக அறிவிக்கும். ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம்.

எழுத்துருவை 'மெயின்ஃபாண்ட்' என்ற மாறியில் கொடுக்க வேண்டும்: நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் என்று கணினியில் இருப்பது எதுவானாலும் சரி. பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். லினக்ஸில் 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையோடு தமிழின் இரண்டெழுத்து மொழிக்குறியைக் கொடுத்தால், தமிழ் உள்ள எழுத்துருக்கள் அத்தனையும் சரியான பெயரோடு வரும். அதையே ஒட்டுங்கள்.

நிரல்துண்டுகளுக்குத் தனி எழுத்துரு, அதாவது 'மோனோஃபாண்ட்'. இதைப் பலர் மறப்பார்கள். உரையெல்லாம் அழகாக வந்திருக்க, நிரலுக்குள் எழுதிய தமிழ்க் குறிப்புகள் மட்டும் காணாமல் போயிருந்தால் இதுதான் காரணம். ரூபாய்க் குறியும் இப்படித்தான். ₹ யூனிகோடில் சேர்ந்தது 2010-இல். அதற்கு முந்தைய எழுத்துருவில் அது இருக்காது. விலைப்பட்டியலில் எண்ணுக்கு முன்னால் ஓட்டை விழும்.

'ஸ்கிரிப்ட்=தமிழ்' என்ற ஒரு சொல்

தமிழ் எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் ககரத்துக்குப் பின்னால் கொம்பு நிற்கிறது; 'கை'யின் இணைக்கொம்பும் பின்னால்; 'கு', 'மூ' எல்லாம் ஒட்டாமல் துண்டாக நிற்கின்றன. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து நாலைந்து எழுத்துருக்களை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. எழுத்துருவின் மேல் தவறில்லை.

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்துவதும், உகரத்தை மெய்யோடு இணைத்து வேறு வடிவம் ஆக்குவதும் எழுத்து வடிவாக்கியின் வேலை. ஸீலேடெக்கில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. எந்த வரிவடிவம் என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் லத்தீன் என்று வைத்துக்கொள்ளும், லத்தீனில் நகர்த்த எதுவும் இல்லை. அதனால் யாமல் தலைப்பில் (கோப்பின் தொடக்கத்தில் அமைப்புகளை எழுதும் பகுதி அது) 'மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸ்' என்பதன் கீழ் 'ஸ்கிரிப்ட்=தமிழ்' என்று எழுதிவிடுங்கள். மோனோஃபாண்டுக்கும் இதேபோல் தனி ஆப்ஷன் உண்டு.

லுவாலேடெக் என்ற மற்றோர் எஞ்சினைப் பயன்படுத்தினால் இன்னும் ஒன்று. அதன் இயல்பான வடிவாக்கி இந்திய எழுத்துகளில் தடுமாறும். அதே ஆப்ஷன் பட்டியலில் 'ரெண்டரர்=ஹார்ஃப்பஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும். இந்த எஞ்சின்களையெல்லாம் தரும் டெக் லைவ் தொகுப்பின் 2020 பதிப்பிலிருந்து இது கிடைக்கிறது.

தடிமனும் சாய்வும் மாயமாவது

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவம் கிடையாது. சிலவற்றில் தடிமன்கூட இல்லை. மார்க்டவுனில் சாய்வுக்காக ஒற்றை உடுக்குறிக்குள் (*) போட்ட சொல், பிடிஎஃப்பில் சாதாரணமாகவே வரும். நூலெங்கும் வலியுறுத்திய இடங்கள் அத்தனையும் தட்டையாகிவிடும். பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். 'ஆட்டோஃபேக்ஸ்லாண்ட்=0.2' என்று கொடுத்து செயற்கையாகச் சாய்க்கலாம். எங்களைக் கேட்டால் சாய்ந்த தமிழ் கண்ணுக்கு உவப்பில்லை. தடிமன் உள்ள எழுத்துருவைத் தேர்ந்து இரட்டை உடுக்குறியையே பயன்படுத்துவது நல்லது.

நகலெடுத்தால் குழம்பும் பிடிஎஃப்

பார்ப்பதற்கு எல்லாம் சரி. 'கொடி' என்று பிடிஎஃப்பில் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால், ககரம் பின்னால், துணைக்கால் அதற்குப் பின்னால் என்று சிதறி வரும். தாளில் அச்சிடுபவருக்குக் கவலையில்லை. மின்னூல் வெளியிடுபவருக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் இது பெரிய குறை.

பிடிஎஃப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகின்றன. மூல வரிசை அதில் இல்லை. ஸீலேடெக்கின் அடித்தளமான ஸீடெக்கில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: ஸீடெக்கின் பெயரில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் 'ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்' என்று முடியும். பின்சாய்கோட்டோடு எழுதி அதன் மதிப்பை 1 ஆக்கினால், ஒவ்வொரு சொல்லின் மூல உரையையும் பிடிஎஃப்புக்குள் சேர்த்து வைக்கும். 'ஹெடர்-இன்க்ளூட்ஸ்' பகுதியில் போட வேண்டும். அந்தப் பகுதியையும் பாண்டாக் மார்க்டவுனாகவே படிக்கும் என்பதால், லேடெக் என்று குறித்து, பாண்டாக் மாற்றாமல் அப்படியே கடத்தும் மூலக் கட்டத்துக்குள் வைப்பது பாதுகாப்பு.

அதோடு உள்ளீட்டையும் ஒரு கண் பாருங்கள். ஔகாரத்துக்கு 'ஒ'வும் 'ள'வும் தட்டுவது, துணைக்காலுக்கு ரகரத்தைத் தட்டுவது ஆகியவை கண்ணுக்குத் தெரியாது, தேடலில்தான் மாட்டும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ள உரை பாண்டாக்குக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். கோப்பு யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் இருக்க வேண்டும்.

வெற்று வரியின் அருமை

எஞ்சினை விட்டு மார்க்டவுனுக்கு வருவோம். பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி விடாவிட்டால், பாண்டாக் அதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாது. முந்தைய பத்தியின் வாலாக ஒட்டிவிடும். தலைப்புக்கும் இதே விதி. தலைப்பில் # குறிக்குப் பின் ஓர் இடைவெளியும் வேண்டும். வேறு சில மார்க்டவுன் கருவிகள் இதையெல்லாம் கண்டுகொள்ளாததால், அங்கே சரியாகத் தெரிந்த கோப்பு இங்கே கெடும். பத்தியின் தொடக்கத்தில் அழகுக்காக நான்கு இடைவெளி விட்டால் பத்தி முழுவதும் நிரல்துண்டாகிவிடும்.

செய்யுள் உள்ள கோப்பில்தான் அதிகச் சேதம். மார்க்டவுனில் ஒற்றை வரிமுறிப்பு என்றால் வெறும் இடைவெளிதான். குறளின் இரண்டு அடியும் ஒரே வரியாக ஓடிப்போகும். நான்கடி வெண்பா உரைநடை ஆகும். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் | குறியும் ஓர் இடைவெளியும் இட்டால், அடிகள் அப்படியே நிற்கும். முன்னால் விட்ட இடைவெளிகளும் நிற்கும் என்பதால் தனிச்சொல்லை உள்தள்ளிக் காட்டலாம். வரி முடிவில் இரண்டு இடைவெளி விடுவதும் வழிதான், ஆனால் சில திருத்திகள் கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைத்துவிடும். வரி முடிவில் \ இட்டால் அந்த ஆபத்து இல்லை.

வரலாற்றுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒன்று: பத்தி '1947.' என்று ஆண்டும் புள்ளியுமாகத் தொடங்கினால், அது 1947-ஆவது உருப்படியில் தொடங்கும் எண்பட்டியல் ஆகிவிடும். புள்ளிக்கு முன் \ இடுங்கள்.

யாமல் தலைப்பில் முக்காற்புள்ளி

நூல் தலைப்புக்குள் முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்தால் யாமல் குழம்பி நின்றுவிடும். தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். உள்தள்ளலுக்கு டேப் கூடாது, இடைவெளி மட்டுமே.

அளவுகள்

எழுத்தளவை 14 புள்ளி என்று கொடுத்தும் பொடி எழுத்தாகவே வருகிறதா? இயல்பு ஆவண வகையான 'ஆர்ட்டிகிள்' 10, 11, 12 புள்ளிகளை மட்டுமே அறியும். மற்றதைப் புறக்கணித்து 10-க்குத் திரும்பிவிடும். 'எக்ஸ்டார்ட்டிகிள்' வகைக்கு மாறினால் 14, 17, 20 கிடைக்கும். எண்ணோடு புள்ளி அலகையும் ஒட்டி எழுத வேண்டும். வெறும் 14 என்றால் செல்லாது.

10 புள்ளியில் 'ஆர்ட்டிகிள்' தரும் வரியகலம் 345 புள்ளி, ஏறக்குறைய 12 செ.மீ. லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தமிழில் எழுத்தும் அகலம், சொல்லும் நீளம். வரிக்கு ஐந்தாறு சொல்தான் அமையும். சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும், அல்லது கடைசிச் சொல் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டும். 'பேப்பர்சைஸ்' ஏ4, 'ஜியாமெட்ரி'யில் ஓரம் 2.5 செ.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். விசிறி மேலேயும் உகரச் சுழி கீழேயும் போகும் எழுத்து என்பதால் 'லைன்ஸ்ட்ரெச்' 1.3 அளவில் இருந்தால் மூச்சு விடும்.

சொற்பிரிப்புக்கு மொழியைச் சொல்ல வேண்டும்: 'லாங்' மாறியில் தமிழின் குறி. தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகள் டெபியனில் 'டெக்ஸ்லைவ்-லாங்-அதர்' தொகுப்பில் இருக்கின்றன. தமிழ் அச்சில் வரி முடிவில் சிறுகோடு போடும் வழக்கமில்லையே என்று 'ஹைஃபன்கேர்=நன்' கொடுப்பவர்கள் கவனிக்க: அதனால் கோடு மட்டும் போகாது, சொற்பிரிப்பே நின்றுவிடும்.

அட்டவணையும் படமும்

இடைவெளியை எண்ணி நெடுவரிசை அமைக்கும் அட்டவணைகளைத் தமிழில் முயலவே வேண்டாம். திருத்தியில் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை. கண்ணுக்கு நேராகத் தெரிவது பாண்டாக்கின் கணக்கில் கோணலாக இருக்கும். | குறியிட்ட அட்டவணையே போதும். அதிலும் ஒரு நுட்பம்: மூலத்தில் எல்லா வரிகளும் 72 எழுத்துக்குள் இருந்தால் கட்டங்களுக்குள் உரை மடங்காது, அட்டவணை தாளைத் தாண்டி ஓடக்கூடும். ஏதாவது ஒரு வரி அதைத் தாண்டினால் அட்டவணை பக்க அகலத்துக்கு விரியும், உரை மடங்கும். நெடுவரிசை அகலத்தைத் தலைப்பின் கீழுள்ள கோடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கும். மூன்றாம் நெடுவரிசை இருமடங்கு அகலமாக வேண்டுமென்றால் அங்கே இருமடங்கு கோடுகளை இடுங்கள்.

தனிப் பத்தியாக நிற்கும் படம் 'மிதக்கும்'. இடமில்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். சொன்ன இடத்திலேயே நிற்க, படக்குறியீடு முடிந்ததும் ஒரு \ இடுங்கள். ஆனால் படவிளக்கம் வராது. படத்தின் பாதையைப் பாண்டாக் தேடுவது நீங்கள் கட்டளை ஓட்டும் அடைவில். கோப்பு வேறு அடைவில் இருந்தால் '--ரிசோர்ஸ்-பாத்' தேவை. இணையத்திலிருந்து இறக்கிய வெப்பி படங்களை ஸீலேடெக் ஏற்காது. பிஎன்ஜி அல்லது ஜேபெக் ஆக்கிக்கொள்ளுங்கள்.

பல கோப்புகள் ஒரு நூலாகும்போது

அத்தியாயங்களுக்கு 1, 2, … 10 என்று பெயர் வைத்து * குறியால் மொத்தமாகக் கொடுத்தால், ஒன்றுக்குப் பின் பத்து வரும், பிறகுதான் இரண்டு. 01, 02 என்று பெயரிடுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்திலும் அடிக்குறிப்பு 1-இலிருந்து தொடங்கினால் பெயர்கள் மோதும். ஏழாம் அத்தியாயத்தின் குறிப்பு முதல் அத்தியாயத்தின் அடியில் போய் உட்காரலாம். '--ஃபைல்-ஸ்கோப்' கொடுத்தால் கோப்புகளைத் தனித்தனியாகப் படித்த பிறகே இணைக்கும். இத்தனை ஆப்ஷன்களையும் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை: 2.8 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரு யாமல் கோப்பில் எழுதி '--டிஃபால்ட்ஸ்' வழியாகக் கொடுக்கலாம். அந்தக் கோப்பையும் நூலின் அடைவிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த பதிப்புக்கும் அதே கட்டளை செல்லும்.